ரெக்ஸ் பிகோனியா: வளர்ப்பதும் குளிர்காலம் தாண்ட வைப்பதும்

வீட்டுக்குள் வளரும் ரெக்ஸ் பிகோனியாவைக் குளிரைவிட அதிகமாகக் கொல்வது குளிர்காலத்தில் ஊற்றும் தண்ணீர்தான். பகல் குறுகத் தொடங்கியதும் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகித் தொங்கும். செடிக்குத் தாகம் என்று நினைத்து ஒரு குவளை சேர்த்து ஊற்றுவோம். வேலையை நிறுத்திவிட்ட வேர்கள் அந்தத் தண்ணீரை எடுக்காது; கொஞ்ச நாளில் எல்லாம் அழுகிவிடும். வேறு சிலர் இலை உதிர்ந்ததுமே செடி போய்விட்டது என்று தொட்டியோடு குப்பையில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அதில் உயிர் மிச்சம் இருந்திருக்கும்.

இந்தச் செடியில் இலை வரும், போகும். மண்ணை ஒட்டி இஞ்சிபோலப் படுத்திருக்கும் தடித்த தண்டுதான் செடி. மட்டத்தண்டு என்பார்கள். அதை விரல் நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், ஓர் இலைகூட இல்லாவிட்டாலும் செடி உயிரோடு இருக்கிறது. அமுங்கி நீர் கசிந்தால், மேலே இலை எவ்வளவு பளபளத்தாலும் அந்தப் பகுதி போய்விட்டது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனைதான் அடிப்படை.

மூலச் செடியான பிகோனியா ரெக்ஸ் அஸ்ஸாம் பகுதியின் ஈரமான மலைக்காடுகளைச் சேர்ந்தது. 1850களில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வேறு ஆசிய பிகோனியாக்களோடு மகரந்தம் சேர்த்து உருவாக்கிய கலப்பினங்களைத்தான் இன்று ரெக்ஸ் என்ற பெயரில் வாங்குகிறோம். வெள்ளி, ஊதா, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று நிறங்களும், நத்தை ஓடுபோலச் சுருளும் 'எஸ்கார்கோ' போன்ற வடிவங்களும் அப்படி வந்தவைதான். காட்டில் இது மரநிழலில், இலைமக்கின்மேல், பாறை இடுக்குகளில் மேலோட்டமாக வேர்விட்டு வளர்கிறது. ஆழமான தொட்டி, கெட்டியான மண், நேரடி வெயில் மூன்றும் இதற்கு ஏன் ஒத்துவராது என்பது இதிலிருந்தே தெரியும்.

இலையின் நடுவில் சிலுவைபோலப் பழுப்பு அடையாளமும் சொரசொரப்பான மேற்பரப்பும் உள்ள 'அயர்ன் கிராஸ்' பல கடைகளில் ரெக்ஸ் என்றே விற்கப்படுகிறது. அது மேசோனியானா என்ற வேறு இனம். பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், பாதகமில்லை. ஆனால் வெள்ளைப் புள்ளிகளோடு உயரமாக வளரும் மாகுலாட்டா, மூங்கில்போல நிமிர்ந்த தண்டு கொண்ட வகை. இங்கே சொல்லும் தண்ணீர்க் கணக்கும் குளிர்கால முறையும் அதற்குப் பொருந்தாது.

வாங்கும்போது

இலையின் அழகில் மயங்குவதற்கு முன் இலைகளை விலக்கி, அடித்தண்டைப் பாருங்கள். காம்புகள் தண்டோடு சேரும் இடம் கறுத்தோ கொழகொழத்தோ இருந்தால் வாங்க வேண்டாம். இலையின் அடிப்புறத்தையும் காம்பு இடுக்குகளையும் பார்த்து, பஞ்சுபோன்ற மாவுப்பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் 2 வாரங்களில் சில இலைகள் உதிரலாம். பசுமைக்குடிலின் ஈரக் காற்றிலிருந்து வீட்டின் வறண்ட காற்றுக்கு வந்த அதிர்ச்சி அது. அதைப் பார்த்துப் பயந்து உடனே தொட்டி மாற்றினால் அதிர்ச்சி இரட்டிப்பாகும். மற்றச் செடிகளிலிருந்து தள்ளி, 3 வாரம் தனியாக வைத்திருந்து, புது இலை தலைகாட்டிய பிறகு தொட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

பூனை, நாய் வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிகோனியாவில் கரையும் ஆக்சலேட்டுகள் உண்டு; மண்ணோடு ஒட்டிய தண்டிலும் வேரிலும் அவை அதிகம். கடித்தால் வாய் எரிச்சல், எச்சில் வடிதல், வாந்தி வரும்.

தொட்டியும் கலவையும்

ஆழத்தைவிட அகலம் கூடிய தொட்டி வேண்டும். 15 செ.மீ. அகலத்துக்கு 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். வேர் அதற்குக் கீழே போகாது. ஆழமான தொட்டியின் அடிமண் எந்நேரமும் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழி செய்யும். அடியில் துளை கட்டாயம். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றும் கை உங்களுடையது என்றால் மண்தொட்டி, மறந்துபோகும் கை என்றால் பிளாஸ்டிக்.

கலவைக்கு, கழுவிய தேங்காய்நார்த் துகள் 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) 1 பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அல்லது பொடியான மரப்பட்டை 1 பங்கு. மண்புழு உரம் சேர்ப்பதாக இருந்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கூடினால் கலவை இறுகிவிடும். கழுவாத தேங்காய்நாரில் உப்பு இருக்கும், அது இலை ஓரங்களைக் கருக்கிவிடும். கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, நீரை 2, 3 முறை மாற்றிப் பிழிந்து எடுங்கள். தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

நடும்போது மட்டத்தண்டின் அடிப்பாதி மட்டும் கலவையில் பதிய வேண்டும், மேல்பாதி வெளியே தெரிய வேண்டும். முழுதாகப் புதைத்தால் அழுகும். தண்டு ஒரு திசையில்தான் முன்னேறும். அதனால் வளரும் முனையைத் தொட்டியின் நடுப்பக்கம் பார்க்கவும், பழைய முனையைச் சுவரை ஒட்டியும் வைத்தால் நகர்வதற்கு இடம் கிடைக்கும். முனை தொட்டி விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தால் பழையதைவிட 2, 3 செ.மீ. மட்டும் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிவிடும்.

தண்ணீர்

கலவையின் மேல் 2 செ.மீ. காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். 'வாரம் 2 முறை' போன்ற கணக்கு இதற்குச் செல்லாது. தேங்காய்நார் ஏமாற்றும்: மேலே வெளிறிக் காய்ந்ததுபோல் தெரியும், ஒரு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும். ஒரு மரக்குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள். துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் காத்திருங்கள். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஊற்றியவுடன் ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பழகினால் எடையே சொல்லிவிடும்.

ஊற்றும்போது தொட்டியின் ஓரமாகச் சுற்றி, அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தண்டின் மேலும் இலைகளின் நடுவிலும் நீர் நிற்கக் கூடாது. இலை அடர்ந்து இடமே இல்லையென்றால் தொட்டியை 2 செ.மீ. நீருள்ள தட்டில் 15, 20 நிமிடம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். எப்போதும் அடியிலிருந்தே நீர் கொடுத்தால் உப்பு மேல்பரப்பில் படியும்; மாதம் ஒருமுறையாவது மேலிருந்து ஊற்றி அலசிவிட வேண்டும். அறை வெப்பத்தில் உள்ள நீரே நல்லது.

குழப்பம் வருவது ஓர் அறிகுறியில்: வாடல். கலவை காய்ந்து வாடினால் தாகம். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கலவை ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகல். அப்போது தண்ணீர் ஊற்றுவதைப்போலக் கெடுதல் வேறில்லை. செடியை வெளியே எடுத்து, கொழகொழத்த வேரையும் தண்டையும் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்க வெளிர் நிறமாக, கெட்டியாகத் தெரியும்வரை வெட்ட வேண்டும். பழுப்புப் பொட்டு ஒன்று மிஞ்சினாலும் அழுகல் தொடரும். அரைநாள் நிழலில் உலரவிட்டு, லேசாக ஈரமாக்கிய பெர்லைட்டின் மேல் பாதி பதியும்படி வைத்து, ஒளி ஊடுருவும் மூடியால் மூடுங்கள். 4 செ.மீ. நல்ல தண்டு மிஞ்சினால் போதும், செடி திரும்பும். பெரிய இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் வேரில்லாத தண்டுக்குச் சுமை குறையும்.

வெளிச்சம், வெப்பம், காற்றின் ஈரம்

பிரகாசமான, ஆனால் நேரடி வெயில் படாத இடம் வேண்டும். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் 1 மணி நேரம் பட்டால் கெடுதல் இல்லை. செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலான ஓரத்தோடு விழுந்தால் சரி. ஓரம் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம்: நிறம் வெளிறி இலை கருகும். நிழலே தெரியாவிட்டால் குறைவு: காம்புகள் நீண்டு, வெள்ளி நிறம் மங்கிப் பச்சை கூடும்.

18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதற்குச் சொர்க்கம். 15க்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். 30க்கு மேல் போனால் இலை மெலிந்து, ஓரம் கருகி, சில ரகங்கள் வெயில்காலத்திலும் ஓய்வுக்குப் போகும். அப்படிப்பட்ட மாதங்களில் உரத்தை நிறுத்தி, தரையோரமான குளிர்ந்த மூலைக்கு மாற்றி, கலவை காய்ந்ததை உறுதி செய்துகொண்டே நீர் கொடுங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் குளிர்காலத்தைவிட வேகமாக வரும்.

காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருந்தால் இலை ஓரம் கருகாது. இதற்காகத் தெளிப்பானை எடுத்து இலையில் பீய்ச்சுவது பலருடைய பழக்கம். விட்டுவிடுங்கள். சில நிமிடத்தில் காற்றின் ஈரம் பழைய நிலைக்கே வந்துவிடும். இலையில் தங்கிய நீரோ புள்ளி நோய்க்கும் பூசணத்துக்கும் வழிவிடும். நீரும் கூழாங்கல்லும் நிரப்பிய தட்டின்மேல் தொட்டியை வைப்பதும் பெயருக்குத்தான். செடிகளை நெருக்கமாக, ஆனால் இலைகள் உரசாமல் வைப்பது, ஈரப்பதமூட்டிக் கருவி, கண்ணாடிப் பெட்டி இவைதான் பலன் தருபவை. கண்ணாடிப் பெட்டியில் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காற்று அசையாத ஈரத்தில், இலைமேல் வெள்ளை மாவாகப் படியும் சாம்பல் நோய் வந்துவிடும்.

உரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளரும் பருவத்தில் 2 வாரத்துக்கு ஒருமுறை, சமச்சீரான திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு வலுவில், ஏற்கெனவே ஈரமான கலவையில் ஊற்றுங்கள். குறைந்தால் செடி மெதுவாக வளரும், கூடினால் வேர் கருகும். குறைவதே மேல்.

குளிர்காலம்

ரெக்ஸைத் தூங்க வைப்பது குளிர் மட்டுமல்ல, பகலின் நீளமும்தான். அறையை எவ்வளவு சூடாக வைத்தாலும் பகல் சுருங்கினால் பல ரகங்கள் ஓய்வுக்குத் தயாராகிவிடும். வழி இரண்டு: வெளிச்சம் கொடுத்து விழித்திருக்க வைப்பது, அல்லது ஒழுங்காகத் தூங்க விடுவது. இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாக வைத்திருப்பதில்தான் செடிகள் சாகின்றன.

வெளியே வைத்த செடியை, இரவு வெப்பம் 15 டிகிரிக்கு இறங்குவதற்கு முன்பே உள்ளே கொண்டுவர வேண்டும். முதல் உறைபனி வரட்டும் என்று காத்திருந்தால் இலை நீர்கோத்துக் கறுத்துவிடும். உள்ளே எடுக்கும் முன் இலையின் அடிப்புறம், காம்பு இடுக்கு, தொட்டியின் துளை எல்லாவற்றிலும் பூச்சி பாருங்கள். வெளியே இயற்கை எதிரிகள் கட்டுக்குள் வைத்திருந்த மாவுப்பூச்சி, வீட்டுக்குள் வந்ததும் தறிகெட்டுப் பெருகும்.

விழித்திருக்க வைக்க: செடிக்கு 30 செ.மீ. மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு, ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்த்து நாளுக்கு 14 மணி நேரம். தானே எரிந்து அணையும் டைமர் இருந்தால் நல்லது; இன்று 14, நாளை 9 என்று மாறினால் பயனில்லை. வெப்பம் 18க்குக் குறையக் கூடாது. ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். அறை சூடாக இருந்தாலும் இரவில் கண்ணாடியோரம் பல டிகிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கல்மேடையில் நேராக வைக்காமல் தொட்டிக்கு அடியில் மரப்பலகையோ தக்கையோ கொடுங்கள். குளிர்ந்த ஈர மண்ணைவிட வேருக்கு எதிரி கிடையாது. ஹீட்டர் காற்று நேரே அடிக்கும் இடமும் ஆகாது. உரம் மாதம் ஒருமுறை போதும், வளர்ச்சி நின்றால் அதுவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சில ரகங்கள் இலையை உதிர்க்கும். அதன் இயல்பு அது. அப்போது போராடாமல் தூங்க விடுங்கள்.

தூங்க விடும் முறை: புது இலை வருவது நின்று பழைய இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் உரத்தை நிறுத்துங்கள். தண்ணீரை 3, 4 வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். மஞ்சளான இலையைப் பிடுங்காதீர்கள். தானாகக் கழன்று வரும்போது எடுங்கள், இல்லையென்றால் தண்டில் புண் விழும். விழுந்த இலையை மண்மேல் விட்டால் சாம்பல் நிறப் பூசணம் பிடித்து அது தண்டுக்கும் ஏறும். எல்லா இலையும் போன பிறகு தொட்டியை அப்படியே 13 முதல் 16 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். இலையில்லாத தண்டுக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை.

இங்கேதான் கிழங்கு பிகோனியா வளர்த்தவர்கள் தவறிவிடுகிறார்கள். பெரிய பூ விடும் அந்த வகையைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, பெட்டியில் போட்டு வைக்கலாம். ரெக்ஸின் தண்டு அப்படி உலர்த்தினால் சுருங்கிச் செத்துவிடும். தொட்டியை விட்டு எடுக்காதீர்கள், எலும்பாகக் காயவும் விடாதீர்கள். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 15 செ.மீ. தொட்டிக்கு 2, 3 மேசைக்கரண்டி நீர், தொட்டியின் ஓரமாக. ஊற்றும் முன் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சொன்ன அளவு. தோல் சுருங்கத் தொடங்கியிருந்தால் இன்னும் 2 கரண்டி. மெத்தென்றிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டுமுகம் காயும்வரை நீர் வேண்டாம். வெட்டிய இடம் ஆறட்டும் என்று தொட்டி மாற்றவும் வேண்டாம்; தூங்கும் செடிக்குப் புது மண்ணில் வேர்விடும் சக்தி இருக்காது.

பகல் நீளத் தொடங்கியபின் தண்டின் நுனியில் இளஞ்சிவப்பாக, ரோமம் அடர்ந்த ஒரு சிறு மொட்டு தெரியும். அரிசி அளவுதான் இருக்கும், கவனித்தால்தான் கண்ணில் படும். அதைப் பார்த்ததும் செடியை 18 டிகிரிக்கு மேலுள்ள வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். பழைய அளவுக்கு உடனே போக வேண்டாம். முதல் இலை விரியும்வரை வேர் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். 2 இலை விரிந்ததும் தொட்டி மாற்றலாம், நீண்ட தண்டை வெட்டிப் பிரிக்கலாம். உரம் அதற்கும் 2 வாரம் கழித்து. ரகத்தைப் பொறுத்து இந்த ஓய்வு 2 மாதமும் ஆகலாம், 4 மாதமும் ஆகலாம்.

இலையிலிருந்து புதுச்செடி

குளிர்காலத்துக்கு இதைவிட நல்ல காப்பீடு இல்லை. கோடையின் முடிவுக்கு 2 மாதம் முன்பே ஓர் இலையை எடுத்துப் பெருக்கி வைத்தால், தாய்ச்செடி போனாலும் ரகம் போகாது. கலப்பினம் என்பதால் விதையிலிருந்து அதே செடி வராது. இலையிலிருந்தோ தண்டிலிருந்தோதான் வரும்.

முழுதாக விரிந்து, முற்றிப்போகாத நடுவயது இலையாக எடுங்கள். கூரான கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள். இலையைத் திருப்பிப் போட்டால் காம்பு சேரும் இடத்திலிருந்து தடித்த நரம்புகள் விசிறியாகப் பிரிவது தெரியும். ஒவ்வொரு நரம்பும் ஒரு துண்டின் நடுவில் வருமாறு முக்கோணங்களாக வெட்டுங்கள். கூரான முனை காம்புப் பக்கம் இருக்கட்டும். தேங்காய்நாரும் பெர்லைட்டும் சம அளவில் கலந்து, ஈரமாக்கி, கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் பதத்தில் ஒரு மூடியுள்ள ஒளி ஊடுருவும் பெட்டியில் 4 செ.மீ. நிரப்புங்கள். முனையை 1 செ.மீ. ஆழத்துக்குச் செருகுங்கள். எந்த முனை கீழே என்பதில் தவறினால் வேர் வராது, அதனால் வெட்டியதும் ஒரே திசையில் அடுக்கி வையுங்கள். இலையை வெட்டாமல், அடிப்புறத் தடித்த நரம்புகளில் 4, 5 இடத்தில் குறுக்கே கீறி, அந்தப் பக்கம் கலவையைத் தொடும்படி கிடத்திக் கொண்டை ஊசியால் அழுத்தி வைப்பதும் நடக்கும். கீறிய ஒவ்வொரு இடத்திலும் கன்று வரலாம். ஆனால் இலை எங்காவது தூக்கிக்கொண்டால் அங்கே ஒன்றும் வராது. துண்டு முறைதான் நம்பகமானது.

21 முதல் 24 டிகிரி, வெயில் படாத வெளிச்சம். 2 நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். அழுகும் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். 3, 4 வாரத்தில் வேர், 6 முதல் 10 வாரத்தில் அடியிலிருந்து சிறு கன்றுகள். 3 செ.மீ. அகலத்தில் 2, 3 இலை வந்தபின்தான் பிரிக்க வேண்டும். அதற்கு முன் 10 நாள் மூடியைத் தினம் கொஞ்சம் அதிகமாகத் திறந்து பழக்குங்கள். ஒரே நாளில் வெளியே எடுத்தால் துவண்டுவிடும். புது ரகங்கள் சிலவற்றுக்குக் காப்புரிமை உண்டு, அவற்றை விற்பதற்காகப் பெருக்க முடியாது.

நோயும் பூச்சியும்

இலைமேல் மாவு தூவியதுபோல வட்டமாக வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாததும் இரவுபகல் வெப்ப வேறுபாடும் சேர்ந்து வரவைக்கும். பிடித்த இலையை எடுத்துவிட்டு, சிறு மின்விசிறியை மெதுவான வேகத்தில், செடியை நோக்காமல் ஓடவிடுங்கள். பரவினால் பொட்டாசியம் பைகார்பனேட் மருந்தை லேபிளில் உள்ள அளவில் தெளிக்கலாம். எந்த மருந்தையும், வேப்பெண்ணெய் உட்பட, முதலில் ஓர் இலையில் தெளித்து 3 நாள் பாருங்கள். ரோமமும் உலோகப் பளபளப்பும் உள்ள இலைகளில் எண்ணெய் கறையாக நின்றுவிடும். இலையைப் பளபளக்க வைக்கும் திரவங்கள் பக்கமே போக வேண்டாம். தூசியைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

மாவுப்பூச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து, 7 நாள் இடைவெளியில் 3, 4 முறை திரும்பச் செய்யுங்கள். முட்டைகள் தப்பிவிடுவதால் ஒருமுறை போதாது. செடி காரணமில்லாமல் சோர்ந்திருந்தால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், மாவுப்பூச்சி வேரிலும் குடியிருக்கும். புது இலைகள் மட்டும் சுருங்கி, கெட்டிப்பட்டு, பழுப்பேறி வந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். அதற்குச் சிலந்திப்பேன் கொல்லியே வேண்டும், சாதாரணப் பூச்சிமருந்து கேட்காது. மண்ணைச் சுற்றிச் சிறு கறுப்புக் கொசுக்கள் பறந்தால், நீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இலையில் நீர்கோத்ததுபோல் ஊடுருவித் தெரியும் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், பிறகு பழுப்பாகிப் பரவுவது: இது பாக்டீரியா இலைப்புள்ளி. இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. செடி எவ்வளவு அரியதாக இருந்தாலும் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். கலவையைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். தொட்டியையும் கத்தியையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். அந்தச் செடியிலிருந்து இலைத்துண்டும் எடுக்க வேண்டாம், நோய் துண்டோடு வரும். பக்கத்தில் இருந்த பிகோனியாக்களை ஒரு மாதம் தனியாக வைத்து, இலை நனையாமல் நீர் ஊற்றிக் கவனியுங்கள்.